படிப்பும் வேண்டும், ஓய்வும் வேண்டும்

(அந்நிய நாட்டில் மிருக வைத்தியம் பயின்று திரும்பிய தோட்டத்துப் பிள்ளைகள் மூவர் சார்பில், தோட்டக் கிளைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஏறிப் பேச எங்களுக்கு ஏதேனும் தகுதி உண்டென்றால் அது ஒன்றுதான். நாங்கள் மூவரும் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் தாய் தந்தையர் பால்மரம் வெட்டியவர்கள். லயத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகைதான் எங்களுக்கு முதல் பள்ளிக்கூடம். கன்று போட முடியாமல் ஒரு பசு இரவெல்லாம் கதறியதும், மிருக வைத்தியர் பட்டணத்திலிருந்து வந்து சேருமுன் அது மாண்டதும் நாங்கள் சிறு வயதில் கண்ட காட்சிகள். அந்தக் காட்சிதான் எங்களை ஸ்காட்லாந்து தேசத்தின் எடின்பரோ நகர் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

அங்கே நாங்கள் பெற்ற பட்டத்தைப் பற்றிப் பெருமையடிக்க இங்கு வரவில்லை. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

எங்களில் ஒருவர் முதலாண்டில் வீட்டுக்கு ஒரு படம் அனுப்பினார். அந்நகரின் நடுவில் 251 மீட்டர் உயரமுள்ள ஒரு மலை இருக்கிறது. ஆர்தர்ஸ் சீட் என்று அதற்குப் பெயர். அணைந்து போன பழைய எரிமலை அது. அதன் உச்சியில் நண்பர்களோடு சிரித்துக்கொண்டு நின்ற படம். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "என்ன தங்கச்சி, உன் மகன் படிக்கப் போனானா, மலை ஏறப் போனானா?" என்று கேட்டுவிட்டார். கேட்டவர் கெட்டவர் அல்லர். எங்கள் பயணத்துக்காகத் தம் சேமிப்பிலிருந்து 50 வெள்ளி கொடுத்தவர் அவர். கேட்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்வி ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த பிள்ளையின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அது செய்த வேலையைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

என்ன படிப்பு அது?

மனித வைத்தியர் ஓர் உடலைப் படிக்கிறார். மிருக வைத்தியரோ மாடு, குதிரை, ஆடு, பன்றி, நாய், பூனை, கோழி என்று பல உடல்களைப் படிக்க வேண்டும். மாட்டின் வயிற்றுக்கு நான்கு அறைகள், குதிரைக்கு ஒன்றே. வயிற்றுவலி வந்தால் குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. நாம் தலைவலிக்குச் சாதாரணமாக விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரு பிராணிக்கு மருந்தாவது இன்னொரு பிராணிக்கு எமனாகும். இத்தனையும் நினைவில் நிற்க வேண்டும்.

எடின்பரோவில் இக்கல்வி புதிதல்ல. வில்லியம் டிக் என்பவர் 1823-ல் அங்கே தொடங்கிய கல்லூரிதான் இன்று சர்வகலாசாலையின் பகுதியாக நகருக்கு வெளியே விளங்குகிறது. படிப்பு ஐந்தாண்டு. காலை ஒன்பது மணிக்கு வகுப்பும் அறுவைக் கூடமும் தொடங்கினால் மாலை ஐந்து வரை ஓயாது. கடைசி ஆண்டில் வைத்தியசாலையில் இரவுக் கடமையும் சேர்ந்து கொள்ளும்.

விடுமுறையாவது உண்டா என்றால், அதுவும் முழுதாக இல்லை. விடுமுறைக் காலத்தில் பண்ணைகளில் 12 வாரமும், வைத்தியசாலைகளில் 26 வாரமும், ஆக 38 வாரம் வேலை பழகியிருக்க வேண்டும் என்பது நாங்கள் பயின்ற காலத்து விதி. அதற்குச் சம்பளம் கிடையாது. போக்குவரத்துச் செலவும் நம்முடையதே. மற்ற மாணவர்கள் ஊர் திரும்பும் ஈஸ்டர் விடுமுறையில் நாங்கள் ஆட்டுப் பட்டிகளில் நின்றோம்.

செலவைக் கேட்டால் உங்களுக்கே மயக்கம் வரும். வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் மட்டும் 30,000 பவுனுக்கு மேல். எங்களுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது; போதாததற்குக் கடனும் அம்மாவின் தாலிக்கொடி நீங்கலான நகைகளும் கைகொடுத்தன. பரீட்சையில் தவறினால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும் என்ற பயம் மூவரையும் நிழல்போல் தொடர்ந்தது. இந்நிலையில் விளையாட்டும் ஓய்வும் பாவமாகத் தோன்றியதில் வியப்பென்ன?

எங்களில் ஒருவர் செய்த தவறு

குளிர்காலத்தில் அந்நாட்டு நேரம் நம் நேரத்துக்கு எட்டு மணி பின்னே இருக்கும். அங்கே இரவு ஒன்பதரை என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. நாங்கள் புத்தகத்தை மூடலாமா என்று நினைக்கும் நேரம், அம்மா பிரட்டுக் களத்துக்கு நடக்கும் நேரம். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் மரம் மரமாக நடக்கும் தாயை நினைத்தால் எந்தப் பிள்ளைக்குப் படுக்கத் தோன்றும்?

பக்கத்து வீட்டு அம்மாவின் கேள்வி காதில் விழுந்த நாள் முதல் அந்த நண்பர் மலைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பந்தாட்டம் இல்லை. சனி, ஞாயிறு இல்லை. இரவு இரண்டு மணி வரை விளக்கு எரியும். டிசம்பரில் அங்கே எட்டேமுக்கால் மணி வாக்கில்தான் விடியும், மூன்றேமுக்காலுக்குள் இருட்டிவிடும். ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரம் வெயில் கண்டு வளர்ந்த நமக்கு அந்த இருட்டே பெரிய சோதனை. அவரோ பகல் வெளிச்சத்தையும் புத்தக அறையிலேயே கழித்தார்.

பலன் என்ன? டிசம்பரில் நடந்த உடற்கூற்றுப் பரீட்சையில் தவறினார். குதிரைக் காலின் எலும்புகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவர், வினாத்தாளைக் கண்டதும் எல்லாம் கலங்கிப் போனதாகச் சொன்னார். அப்போதாவது நிறுத்தினாரா? இல்லை. "படித்தது போதவில்லை" என்று முடிவு கட்டி, இன்னும் ஒரு மணி நேரத் தூக்கத்தைக் குறைத்தார்.

ஏப்ரல் மாதம் வந்தது. ஆடுகள் குட்டி போடும் காலம். ஒரு மலையடிவாரப் பண்ணையில் இரவு முறைக்கு அவர் சென்றார். இரவெல்லாம் பட்டியில் நின்றுவிட்டுப் பகலில் உறங்காமல் புத்தகம் படித்தார். நான்காம் நாள் விடியற்காலை, தாய் ஒதுக்கிய பலவீனமான குட்டி ஒன்றுக்குச் சீம்பால் ஊட்ட வேண்டியிருந்தது. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடையில் கிலோவுக்கு 50 மில்லி வீதமாவது சீம்பால் உள்ளே போனால்தான் குட்டி பிழைக்கும். உறிஞ்சத் தெம்பில்லாத குட்டிக்கு மெல்லிய ரப்பர் குழாயை வாய் வழியே வயிற்றுக்குள் செலுத்தி ஊட்டுவார்கள். குழாய் இரைக்குழாயில் போகிறதா, மூச்சுக்குழாயில் போகிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிப்பது கட்டாயம். அன்று அவர் கண் சொக்கியது. கை சோதிக்க மறந்தது. பால் நுரையீரலுக்குள் போய், சில நிமிஷத்தில் குட்டி அவர் மடியிலேயே மூச்சடங்கிப் போயிற்று.

பண்ணைக்காரர் வயதானவர். குட்டியைப் பார்த்தார், இவர் முகத்தையும் பார்த்தார். ஏசவில்லை. "கடைசியாக எப்போது தூங்கினாய்?" என்று மட்டும் கேட்டார். இவர் பதில் சொல்லவில்லை. "போய்த் தூங்கு. தூங்காத கை என் பட்டிக்கு வேண்டாம்" என்று சொல்லி, குழாயைக் கழுவி வைத்தார்.

தோழர்களே! அந்தக் குட்டியின் விலை பெரிதல்ல. ஆனால் நாளை உங்கள் பசு, உங்கள் ஆடு, உங்கள் பிள்ளை ஆசையாய் வளர்க்கும் நாய் அதே கையில் இருக்கும். ஓய்வில்லாத படிப்பு வைத்தியரை உண்டாக்காது என்பதை அந்த ஓர் உயிரைக் கொடுத்து நாங்கள் கற்றோம்.

மறுபக்கமும் உண்டு

இதைக் கேட்டு, "அப்படியானால் சுற்றித் திரியலாம்" என்று எந்தத் தம்பியும் கணக்குப் போட வேண்டாம். எங்களில் இன்னொருவர் எதிர்த் திசையில் சறுக்கினார்.

அந்நாட்டில் பிரட்டு அடிக்க யாருமில்லை. வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டார்கள். தந்தையின் கண்டிப்பிலிருந்து வந்த பிள்ளைக்கு முதல் முறையாகத் தன் பொழுது தன் கையில் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை மாலையானால் நண்பர்கள் கூப்பிடுவார்கள். கள்ளுக்கடைக்கு அங்கே வேறு பெயர், வேறு விளக்கு, வேறு நாற்காலி. குடித்தபின் நடப்பது ஒன்றுதான். வெள்ளி இரவு சனியைத் தின்றது. சனி ஞாயிறைத் தின்றது. பணம் போதாமல் ஓர் உணவுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மாணவர் விசாவில் இருப்பவர் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அந்த 20 மணியை முழுக்கச் செய்தார். மீதியிருந்தது அசதி மட்டுமே.

அவர் அனுபவித்தது ஓய்வுமல்ல, இன்பமுமல்ல. ஓய்வு என்பது மறுநாள் வேலைக்கு நம்மைத் தகுதியாக்குவது. மறுநாளைக் கெடுப்பது ஓய்வாகாது. இந்த ஓர் அளவுகோலை வைத்து ஒவ்வொருவரும் தம் பொழுதுபோக்கை அளந்து பார்க்கலாம்.

நியூ லானார்க்கில் கண்டது

வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை மூவரும் நியூ லானார்க் என்ற ஊருக்குப் போனோம். கிளைட் நதிக்கரையில் உள்ள பழைய பஞ்சாலைக் கிராமம் அது. 2001 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று. ராபர்ட் ஓவன் என்ற சீர்திருத்தவாதி அந்த ஆலையை நடத்தினார். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு எடுக்க மறுத்தார். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து, அதில் கணக்கோடு பாட்டும் நடனமும் கற்பித்தார். எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி உறக்கம் என்ற கோஷம் 1817-ல் அவரிடமிருந்து பிறந்ததாகச் சொல்வார்கள்.

அந்த ஆலைத் திண்ணையில் உட்கார்ந்து கொண்டுவந்த தோசையைப் பிய்த்துத் தின்றபோது, எங்களுக்கு வெட்கமாக இருந்தது. தொழிற்சங்கக் குடும்பத்தில் பிறந்தவர்கள் நாங்கள். ஓய்வு முதலாளி போடும் பிச்சையல்ல, தொழிலாளியின் உரிமை என்று கேட்டு வளர்ந்தவர்கள். நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு தரச் சொல்கிறது. 2023 ஜனவரி முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. தந்தைமார் போராடிக் கேட்ட உரிமையை மகன் தனக்குத் தானே மறுப்பது என்ன நியாயம்?

பசு சொல்லும் பாடமும் அதுவே. மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் பசு நாளில் ஏறக்குறைய எட்டு மணி நேரம் மேய்கிறது; ஏறக்குறைய அதே அளவு நேரம் அசை போடுகிறது. பெரும்பாலும் படுத்துக்கொண்டு அசை போடும். பார்ப்பவர் சும்மா கிடக்கிறது என்பார். அந்த நேரத்தில்தான் தின்ற புல் பாலாகும் வழியில் செல்கிறது. படித்ததும் அப்படியே, உறக்கத்தில்தான் அது நினைவில் உறுதிப்படுகிறது. அசை போட விடாமல் மேய்த்துக்கொண்டே இருந்தால் பசு பிழைக்காது.

நாங்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு

அதன்பின் மூவரும் சேர்ந்து ஓர் ஒழுங்கு வகுத்தோம். மற்றவர்க்குப் பயன்படுமென்று சொல்கிறோம்.

முதலாவது, வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் சமையலும் சாப்பாடும். ஆறரை முதல் ஒன்பதரை வரை படிப்பு. பதினொன்றுக்குள் படுக்கை. பரீட்சைக் காலத்திலும் ஏழு மணி உறக்கத்தில் கை வைப்பதில்லை.

இரண்டாவது, குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் உள்ளபோது அரை மணியாவது வெளியே நடப்பது. மழையானாலும் சரி, பனியானாலும் சரி.

மூன்றாவது, சனிக்கிழமை பிற்பகல் புத்தகத்தைத் தொடுவதில்லை. மலைக்குச் செல்ல டிக்கெட் கிடையாது. தேசியப் பொருட்காட்சிச் சாலைக்கும் கட்டணம் கிடையாது. பந்தாட ஒரு பந்து போதும். கையில் காசில்லாதவனுக்கு ஓய்வில்லை என்பது பொய்.

நான்காவது, ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டுச் சமையல், பிறகு வீட்டுக்குத் தொலைபேசி. தீபாவளிக்கு அங்கே விடுமுறை இல்லை. வகுப்பு முடிந்து வந்து இரவில் முறுக்குச் சுட்டோம். வகுப்புத் தோழர்களான ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் வந்து தின்றார்கள். அவர்கள் தங்கள் கிராமிய நடனத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். அந்தச் சிநேகந்தான் பின்னாளில் பண்ணைகளில் எங்களுக்கு இடம் பிடித்துத் தந்தது.

ஐந்தாவது, விடுமுறைப் பண்ணை வேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், ஒவ்வொரு நீண்ட விடுமுறையிலும் இரண்டு வாரமாவது வெறுமையாக விட்டு வைப்பது. இதற்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே திட்டம் வேண்டும்.

ஆறாவது, மனம் தளர்ந்தால் மறைக்காமல் சொல்வது. மிருக வைத்தியர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வது பொதுமக்களிடையே உள்ளதைவிட அதிகம் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்காகவே அங்கே வெட்லைஃப் என்ற தரும ஸ்தாபனம் இரவும் பகலும் தொலைபேசியில் ஆறுதல் சொல்லும் உதவியை நடத்துகிறது. தன் துயரைச் சொல்வது கோழைத்தனம் என்று நினைப்பதுதான் பெரிய நோய். அதை லயத்திலேயே ஒழிக்க வேண்டும்.

இந்த ஒழுங்கில் நடந்தபின் முதலில் தவறியவர் அவ்வாண்டுப் பரீட்சையில் தேறினார். மற்றவரும் கரை சேர்ந்தார். எல்லா நாளும் ஒழுங்கைக் கடைப்பிடித்தோம் என்று சொல்ல மாட்டோம். தவறிய நாள் உண்டு. மறுநாள் திரும்பி வந்தோம்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை

வெளிநாடு போனால்தான் மிருக வைத்தியராகலாம் என்ற காலம் முன்பு இருந்தது. செர்டாங்கில் 1972-ல் இக்கல்விக்குத் தனிப் பீடம் ஏற்பட்டபின் அந்நிலை மாறிவிட்டது. இங்கேயே இடம் கிடைத்தால் அது குறைவானதல்ல. வெளிநாடுதான் என்றால், அந்தப் பட்டம் 1974-ஆம் ஆண்டு மிருக வைத்தியர் சட்டத்தின்கீழ் இங்கே ஏற்கப்படுமா என்று மிருக வைத்தியர் மன்றத்திடம் முன்கூட்டியே விசாரியுங்கள். கட்டணத்தோடு பண்ணை வேலைக்கான போக்குவரத்து, தங்கும் செலவு ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். செலவுக் கணக்கு சரியாக இருந்தால்தான் ஓய்வுக்கு நேரம் கிடைக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

தாய்மார்களே! பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, "எத்தனை மணி நேரம் படித்தாய்?" என்று முதலில் கேட்காதீர்கள். "தூங்கினாயா? யாரோடு விளையாடினாய்?" என்று கேளுங்கள். பிறகு படிப்பைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் கஷ்டத்தை மறைக்க வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் அதைக் கடனாகத் தலையில் ஏற்றினால் பிள்ளை அதன் பாரத்திலேயே விழுந்து விடுவான்.

முதலில் சொன்ன கேள்விக்கு இனிப் பதில் சொல்கிறோம். அந்தப் பதில் எங்களுடையதல்ல. அந்த நண்பரின் தாயார் சொன்னது. குட்டி செத்த செய்தியைப் பிள்ளை அழுதுகொண்டே சொன்னபோது, அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாராம்: "ஒரே மரத்த தினமும் வெட்டினா பட்டை காஞ்சு பால் நின்னு போகும்னு, ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான்டா வெட்டச் சொல்லுவாங்க. மரத்துக்கு லீவு. எனக்கு மறுநாள் வேற மரம். முப்பது வருஷம் அப்படித்தான் வெட்டினேன். மரத்துக்குக் கெடைச்சது எனக்குக் கெடைக்கல. உனக்காவது கெடைக்கட்டும். மலைக்குப் போய் ஒரு படம் எடுத்து அனுப்பு. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் காட்டிக்கிறேன்."

அடுத்த சனிக்கிழமை நாங்கள் மூவரும் மலை ஏறினோம். படமும் எடுத்து அனுப்பினோம். அது இன்றும் அந்த வீட்டுச் சுவரில் பட்டப் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.